சுண்டுவிரல் நீங்கலாக

நீதான் செய்தாய். வேறு யார் மேலாவது போடலாமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், ஆள் அகப்படவில்லை. துண்டைப் போடாமல், கையைப் பிடிக்காமல், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் என்னைப் பேசி முடித்துவிட்டாய். முப்பத்து நாலு வருஷமாக இந்தப் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறேன், ஒரு கன்றுக்குட்டியைக்கூட அதன் சொந்தக்காரனைக் கேட்காமல் நான் கைமாற்றியதில்லை. நீ மாற்றினாய். உன் பெயர் எனக்குத் தெரியாது. சாமியோ, தலையெழுத்து எழுதுகிற குமாஸ்தாவோ, என் ரத்தத்துக்குள் காவலுக்கு ஆள் வைத்தவன் எவனோ அவன்தான் நீ. இப்போது பார், பாப்பக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் டீ. நாலு கரண்டி சர்க்கரை போடு என்றேன். இரண்டு வருஷமாகச் சர்க்கரை இல்லாத டீ போட்டுக் கொடுத்த பொம்பளை, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நாலா? ஏனுங், வூட்ல சண்டையா, சாகறதுக்கு வேற வழி கிடைக்கலையா?” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. கிளாஸ் என் பல்லில் மோதி டக்டக் என்றது, அதைப் பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள். குடித்தாயிற்று. இனிக் கால் மணி நேரம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால், சர்க்கரையைத் தின்றுவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இரு, அப்புறம் குத்திப் பார் என்பது கோயமுத்தூர் டாக்டரம்மா போட்ட சட்டம். கடைச் சுவரில் கடிகாரம் எட்டு இருபது. எட்டு முப்பத்தைந்து வரைக்கும் நான் யாருக்கும் ஆகாதவன். அங்கே, இருபது அடி தள்ளி, லாரி நிழலில் ஹம்சா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு. அவன் பக்கத்தில் மயிலாத்தாள் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். சந்தையில் என்னை நம்பிக் காத்திருந்தவர்கள் உண்டு, என்னைத் திட்டிக்கொண்டே காத்திருந்தவர்கள் உண்டு. என்னைப் பாவம் என்று நினைத்து ஒருத்தன் காத்திருப்பது இதுதான் முதல் தடவை.

ஹம்சா என் கையை விட்டுவிட்டான், அதுதான் தாங்கவில்லை. துண்டுக்குள் கையை விட்டேன், அவனும் விட்டான், பாலக்காட்டு வியாபாரி, பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த கை, உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு. எங்கள் தொழில் இப்படித்தான், சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை யார் காதிலும் விழாது, துண்டுக்கு அடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை பத்தாயிரம். பிடித்தால் பிடித்ததுதான், எதிராளி உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் முடிந்தது, அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது. நான் இன்னும் ஒரு விரலையும் பிடிக்கவில்லை. என் கை அவன் கைக்குள் கிடந்து நடுங்கியது, ஈரத்தில் விழுந்த கோழிக்குஞ்சு மாதிரி. நடுங்குகிற கையைப் பிடித்தவன் என்ன செய்வான்? நானாக இருந்தால் அங்கேயே அமுக்கியிருப்பேன். எதிராளி பயந்துவிட்டான், அவனுக்கு விற்றாக வேண்டும் என்று ஒரு விரலைக் குறைத்துப் பிடித்து முடித்திருப்பேன். எத்தனை பேரை அப்படி முடித்திருக்கிறேன். ஹம்சா எந்த விரலையும் பிடிக்கவில்லை. முழுக் கையையும் மூடிப் பிடித்தான், வெறுமனே, ஆஸ்பத்திரியில் பிடிப்பார்களே அந்த மாதிரி. அப்புறம் துண்டை எடுத்துவிட்டான். “நாச்சிமுத்து, கை இன்னிக்கு சரியில்லா. போய் ஒரு சாயா குடி. ஞான் இவிடெத்தான் உண்டு” என்றான், மெதுவாக, மயிலாத்தாளுக்குக் கேட்காதபடி. அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம். பன்னிரண்டு வயதில், சாணி அள்ளிக்கொண்டிருந்தவன் திமிரில் முதல் முதலாகத் துண்டுக்குள் கையை விட்டபோது, ஒரு வியாபாரி என் வலது சுண்டுவிரலைப் பிடித்து முறித்தானே, விலை கேட்கிற வயசாடா என்று, அதுகூட மரியாதை. என்னை ஆளாக நினைத்து முறித்தான். அந்த விரல் கோணலாகவே கூடிப்போச்சு. அழவில்லை நான். அடுத்த வாரமே மறுபடி கையை விட்டேன். அப்படி வந்தவனய்யா நான், எனக்கு எவனும் விட்டுக் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. எட்டு இருபத்து மூன்று.

செவ்வாய்க்கிழமை நடந்தது அவனுக்குத் தெரிந்திருக்குமோ? அதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. செவ்வாய்க்கிழமை மயிலாத்தாளின் முதல் மாடு. இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு முட்டி வலியோடு சமாளிக்க முடியவில்லை, திருப்பூரில் மகள் வீட்டோடு போய் இருந்துகொள்கிறேன், நீங்களே பார்த்து முடித்துக் கொடுங்க அண்ணா என்று வந்தாள். அன்றைக்குக் காலையில் ஊசி போட்டுக்கொண்டேன், பத்து யூனிட், டாக்டரம்மா சொன்ன முழு அளவு. போட்டுவிட்டு இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது போன் வந்தது, கேரளா லாரி சீக்கிரமே வந்துவிட்டது என்று. எழுந்து ஓடினேன். என் வீட்டுக்காரி வசந்தாமணி வாசல் வரைக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தின்றுவிட்டுப் போங்க என்று, நான் பைக்கை உதைத்துக்கொண்டே அவளை என்னவோ திட்டினேன். மனசு எல்லாம் லாரியில். துண்டுக்குள் ஹம்சாவின் ஐந்து விரலையும் பிடிக்கத்தான் போனேன். ஐந்துக்கு அந்த மாடு தாராளமாகத் தகும். உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது, சந்தை முழுக்க ஒரு திரைக்குப் பின்னால் போன மாதிரி இருந்தது, சத்தம் தூரத்தில் கேட்டது, நான் இறுக்குகிறேன் இறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய சுண்டுவிரல் என் பிடியிலிருந்து நழுவிவிட்டது. நாலு. அவன் தட்டிவிட்டான். முடிந்தது. வாயைத் திறந்து, இல்லை ஐயா, நான் ஐந்து பிடித்தேன், எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நூறு பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு எந்தக் குடியானவன் என்னிடம் கயிற்றைக் கொடுப்பான்? மயிலாத்தாளிடம் சந்தை மந்தம் என்றேன். அவள் முகம் ஒரு கணம் சுருங்கிற்று, அவ்வளவுதான். “நீங்க பார்த்துச் சொன்னா சரிங்ணா” என்றாள். அந்த வார்த்தை இன்னும் உள்ளே குத்துகிறது, ஊசியைவிட. ஹம்சா தட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி நிதானித்தான், இப்போது நினைத்தால் நிதானித்தான் என்றுதான் படுகிறது. நழுவியது என்று தெரிந்துதான் தட்டினானா? தெரிந்து தட்டியவன் இன்றைக்கு ஏன் விடுகிறான்? மனசு உறுத்துகிறதா? இல்லை, அன்றைக்குத் தெரியாது, இன்றைக்குக் கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்ததா? கேட்க முடியாது. கேட்டால் நான் தவறவிட்டேன் என்று நானே சொன்னதாகிவிடும். இந்த இரண்டாவது மாட்டிலாவது அவளுக்கு விட்டதைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றாலும் எண்ணித் தின்றேன், ஊசி போட்டவன் தின்றாக வேண்டுமே. இன்றைக்குக் காலையில் ஐந்து இட்லி, தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன், வசந்தாமணி சாட்சி. எல்லாம் சரியாகச் செய்தும் கை நடுங்கினால் நான் இன்னும் என்னதான் செய்வது, சொல்லு.

இரண்டு வருஷம் என்னைத் திருடன் மாதிரி நடத்தினாயே. சாதாரணச் சர்க்கரை என்று டவுன் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நடங்க, வாயைக் கட்டுங்க என்றார். கட்டினேன். சந்தையில் கிடைத்ததைத் தின்று வளர்ந்தவன், கேழ்வரகுக் களியும் பாகற்காயுமாக, வறட்டு வைக்கோலைப் பார்த்த மாடு மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரை கூடிற்று, சர்க்கரையும் கூடிற்று, உடம்புதான் இறங்கிற்று, வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை. ஒளித்துத் தின்கிறான் என்று பேச்சு. மச்சினன் மகள் பெரியவளான சீரில் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் மைசூர்பாகு வைக்க வந்தவனைத் தடுத்து, “மாமனுக்கு வெக்காதீங்டா, அவரு நம்ம கண்ணு மறைஞ்சதும் தின்னுக்குவாரு” என்று மச்சினன் சொல்ல, பந்தியே சிரித்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து வந்து அவனோடு எட்டு மாசம் பேசவில்லை. அதற்கப்புறம்தான் கோயமுத்தூர். டாக்டரம்மா சின்ன வயசுதான், ரத்தத்தை எங்கெங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். இது தின்று வந்ததில்லை. உடம்பில் கிருமியை அடிக்கிறதுக்கு என்று காவல் ஒன்று இருக்கிறதாம், அந்தக் காவல் என் கணையத்தையே எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறதாம், மெதுவாக, வருஷக்கணக்கில். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிறது, சில பேருக்கு நாற்பதுக்கு மேல் வருகிறது, சாதாரணச் சர்க்கரை மாதிரியே நடிக்கும் என்றாள். ஏன் வந்தது என்றேன். தெரியாது என்றாள். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்றேன். ஒன்றும் பண்ணவில்லை என்றாள். அழுகை வந்துவிட்டது எனக்கு, அவள் முன்னால். தப்புப் பண்ணியிருந்தால் திருத்தலாமே. தப்பே பண்ணாதவன் எதைத் திருத்துவான்? வாசலில் கட்டி, சோறு போட்டு வளர்த்த நாய் உள்ளே புகுந்து பட்டி ஆட்டைக் கடித்தால் நாயை அடிக்கலாம். இந்த நாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே, எதை எடுத்து அடிப்பது? எட்டு இருபத்தெட்டு. பாப்பக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் என் கையைப் பார்க்கிறாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

பேரம் பேசினேன், ஆமாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து யூனிட் போடணும் என்று டாக்டரம்மா சொன்னதும் என் வாய் தானாகவே, எட்டுக்கு முடிச்சுக்கலாங்களா என்றது. அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பத்து என்று ஒருத்தர் சொன்னால் அது ஏழுக்கோ எட்டுக்கோ வந்து நிற்கிற பத்து என்றுதான் என் காது முப்பத்து நாலு வருஷமாகக் கேட்கிறது. ஏற்றித்தான் சொல்லியிருப்பாள், நாம் இறக்கித்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறு போட்டேன். மூன்று வாரம் ஆறு, வசந்தாமணிக்குப் பத்து என்று சொல்லிவிட்டு. மறுபடி போனபோது கணக்குச் சீட்டைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. “இது சந்தை இல்லீங்க நாச்சிமுத்து. உங்க கணையத்துகிட்ட சரக்கே இல்லை. சரக்கு இல்லாதவன்கிட்ட எப்படிப் பேரம் பேசுவீங்க?” என்றாள். அந்தப் பாஷை எனக்குப் புரிந்தது, அன்றைக்கே பத்துக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம், அதுவும் போகுமாம், எப்போது என்று சொல்ல முடியாதாம். விரலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை குத்திப் பார்க்கணும், விரலை மாற்றி மாற்றிக் குத்துங்க என்றாள். எந்த விரலைக் கொடுப்பேன்? வலது கை பேசுகிற கை. இடது கை மாட்டைத் தடவுகிற கை, மடியில் கட்டி இருக்கிறதா, வயிற்றில் கன்று இருக்கிறதா என்று அதற்குத்தான் தெரியும். பத்து விரலில் உதவாத விரல் ஒன்றே ஒன்று, அந்தக் கோணல் சுண்டுவிரல். அதையே குத்தினேன். இரண்டு மாசமாக அதே விரல், இடது கையால் தட்டுத்தடுமாறி. நுனி கருத்து, தோல் தடித்து, தொட்டால் தொட்டது தெரியாமல் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஹம்சாவின் சுண்டுவிரலைக் கவ்விப் பிடிக்க வேண்டியது அந்த விரல்தான். மற்ற ஒன்பதையும் காப்பாற்ற அதை விற்றேன், அது என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

கோபத்தையாவது எனக்கு விட்டிருக்கலாம் நீ. படிப்பு இல்லை, சொத்து இல்லை, பேச வந்தால் முகம் சிவக்கிற இந்தக் கோபம் ஒன்றுதான் என் முதல். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், கை துடிக்கும், எதிராளி ஒரு அடி பின்னால் போவான். இப்போது சர்க்கரை இறங்கினாலும் அதே நெஞ்சடிப்பு, அதே வேர்வை, அதே துடிப்பு. எது எது என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் வீட்டில் எதற்கோ கத்தினேன், நியாயமாகத்தான் கத்தினேன், என்ன விஷயம் என்று இப்போது மறந்துவிட்டது. பழைய வசந்தாமணியாக இருந்தால் திருப்பி நாலு வார்த்தை போட்டிருப்பாள், பாத்திரத்தை டமார் என்று வைத்திருப்பாள். இவள் ஓடிப்போய் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டுகிறாள். “குடிங்க. கத்தறது நீங்க இல்லீங்க, சக்கரை இறங்கிருச்சு” என்கிறாள். இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் என் கோபத்துக்கு மரியாதை கொடுக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். குடித்தேன். குத்திப் பார்த்தால் நூற்று நாற்பது. அப்படியானால் கத்தினது நான்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன, அடுத்த தடவையும் டம்ளரோடுதான் வருவாள். எட்டு முப்பத்து மூன்று. மயிலாத்தாள் கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறாள், முட்டி வலிக்கும். மாடு அவள் தோளை நக்குகிறது. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், மெதுவா வாங்க என்கிற மாதிரி. ஐயோ, அவளுமா?

கடைக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் வந்து நிற்கிறேன். பையிலிருந்து கருவியை எடுத்தாயிற்று. சுண்டுவிரலைக் குத்தினேன், ரத்தம் வரவில்லை. பிழிந்தேன், வரவில்லை. இன்னொரு குத்து. மரக்கட்டை. சரி என்று ஆள்காட்டி விரலைக் குத்தினேன், முதல் தடவையாக, ‘ஒன்று’ என்று ஆரம்பிக்கிற விரல். கொள்ளை ரத்தம் வந்தது, இத்தனை நாள் காத்திருந்த மாதிரி. ஐந்து எண்ணுவதற்குள் நம்பர் விழுந்துவிடும். இரண்டு, மூன்று. எண்பது என்று வரட்டும், தொண்ணூறு என்று வரட்டும், இறங்கியிருந்தது, டீ ஏற்றிவிட்டது, கை இப்போது சரியாகிவிடும், போய் ஐந்து விரலையும் பிடிக்கிறேன். நாலு. இருநூற்றுப் பத்து. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், இருநூற்றுப் பத்துதான். ஒரு கிளாஸ் டீ அவ்வளவு தூரம் ஏற்றாது. அப்படியானால் இறங்கவே இல்லை. ஹம்சாவின் கைக்குள் கிடந்து நடுங்கியபோது எனக்குச் சர்க்கரை குறைவே இல்லை, கோபமும் இல்லை, அவன்மேல் எனக்கென்ன கோபம். இதோ, இன்னும் நடுங்குகிறது, கருவி விறகில் தட்டித் தட்டிச் சத்தம் போடுகிறது. பயம். என்னுடைய பயம், நோயினுடையது இல்லை. விரல் முறிந்த அன்றைக்கும் வராத பயம் நாற்பத்தாறு வயதில் வந்து கைக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. மறுபடி நழுவிவிடுமோ, அவள் மறுபடி சரிங்ணா என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம். இதற்கு ஊசி கிடையாது, டீ கிடையாது, இத்தனை யூனிட் என்று சொல்ல டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

எட்டு முப்பத்தாறு. ஹம்சா எழுந்துவிட்டான். துண்டை உதறுகிறான். போகாமல் இருக்க முடியாது, போனால் இந்தக் கையோடுதான் போக வேண்டும். அதற்கு முன்னால் நீ வா. எங்கே ஒளிந்திருந்தாலும் வெளியே வா, என் துண்டைப் போடுகிறேன், அடியில் கையை விடு. கணையத்தைத் திருப்பிக் கொடு என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், முழுசாக, பழையபடி. முடியாது என்பாய். சரி, போன இரண்டு வருஷத்தைக் கொடு, அந்தப் பந்தியில் சிரித்தவர்கள் வாயை மூடு. அதுவும் முடியாதா, விடு. ஊசி சாகிறவரைக்கும் இருக்கட்டும், பத்தோ இருபதோ நீ சொன்னது சொன்னபடி போட்டுக்கொள்கிறேன், எல்லா விரலையும் குத்திக்கொள், கோபத்தையும் எடுத்துக்கொள். இத்தனை தூரம் நான் யாருக்கும் இறங்கி வந்ததில்லை. இந்த ஒரு பிடி, இந்த ஒரு மாட்டுக்கு, அந்தத் துண்டுக்குள் என் கை இருக்கிற அந்த ஒரு நிமிஷம் மட்டும். அவனுடைய ஐந்து விரலையும் நான் பிடிக்க வேண்டும், சுண்டுவிரலோடு சேர்த்து. கெடுத்தது நீ. அதையாவது நீயே வந்து சரி பண்ணிக் கொடு.